கண்டக்டரிடம் கொடுத்துவிடாத டிஸ்க்குகள்

ஒரு தடவை இரண்டாவது டிஸ்க்கில் நின்றது. அடுத்த தடவை மூன்றாவதில். நான்காவதை மட்டும் இலக்கியாவின் கம்ப்யூட்டர் கேட்கவே இல்லை.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தருகே ஸ்டிக்கர் கடை அவளுடையது. ஸ்டிக்கர் வெட்டும் மிஷின் பழைய விண்டோஸ் 2000-இல்தான் ஓடும். போன மாதம் அது கெட்டுப்போய், சிடியிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கம்ப்யூட்டரோ சிடியிலிருந்து தானாக எழாது. நான்கு ஃப்ளாப்பி டிஸ்க்குகளை வரிசையாகக் கொடுத்து எழுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எழாவிட்டால் கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு வந்துவிடு என்று அண்ணன் சொல்லிவிட்டான். அங்கே அவளுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறார்கள். ஓர் அலமாரி...

டிஸ்க்குகளை எழுதித் தந்தவன் காத்தான். வெள்ளிமலையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். போன வாரம் மழைக்குக் கடையில் ஒதுங்கினான். ஃப்ளாப்பியைக் கண்டதும் ஈர முடிக்குக் கீழே அந்தக் கண்கள் விரிந்த விதம்... அவளுக்கு இரண்டு நாள் மறக்கவில்லை.

இன்று மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதுவும் நின்றது.

"இன்னாங்க, சொத்தை டிஸ்க்கா பொறுக்கிக்கினு வந்தீங்களா?"

"எங்க வூட்டு மிஷின்ல நாலும் ஓடுச்சுங்க."

"அப்ப என் மிஷின் பொய் சொல்லுதா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போங்க."

அவன் டிஸ்க்குகளை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. பேச யாருமில்லை என்பதே சரி. அவன் எண்ணை எடுப்பாள்... வைத்துவிடுவாள்.

வியாழன் காலை யோசித்தாள். அவனிடம் ஓடுகிறதென்றால் டிஸ்க் சொத்தையில்லை. என் ஃப்ளாப்பி டிரைவ் பழுதென்றால், அதிலேயே எழுதிய டிசைன்களைப் போன மாதம்வரை எப்படிப் படித்தது?

ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். டிரைவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தவன் கையில் சாப்பாட்டுத் தட்டு. பின்னால் ஒற்றை நாற்காலி.

"இதை உங்க மிஷின்ல மாட்டி, இதுலயே எழுதித் தாங்க."

அவன் டிரைவைத் திருப்பிப் பார்த்தான். "உள்ள டிஸ்க்கைப் படிக்கிற தலை கொஞ்சம் நகந்திருக்கும். தான் எழுதினதைப் படிக்கும், அடுத்தவன் எழுதினது பாதியில பிசகும். எனக்கு ஏன் தோணல?"

"நான் கத்துன கத்துல தோணியிருக்காது. அப்படிப் பேசினது தப்புங்க."

அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"மூணு தடவையும் டிஸ்க்கை பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்துவிட்டிருக்கலாம். இங்க எல்லாரும் அப்படித்தான் அனுப்புவாங்க. நானே மலையிறங்கி வந்துக்கினு இருந்தேன்... ஏன்னு நீங்க கேக்கவே இல்ல."

வெளியே மேகம் தெருவை மூடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் காது சுட்டது.

"இந்த டிரைவையும் கண்டக்டர்கிட்ட கொடுத்துவிட்டிருக்கலாம்," என்றாள். "உங்களைப் பாக்கணும்னுதான் வந்தேன்."

வெள்ளிக்கிழமை காலை, கடையில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். நான்கு டிஸ்க்கும் நிற்காமல் ஓடின. கம்ப்யூட்டர் சிடியைக் கேட்டது. இலக்கியா அண்ணனுக்குப் போன் போட்டு, வரவில்லை என்றாள். 'எப்படி ஓடியது?' என்று அண்ணன் கேட்டான்.

"எந்த டிரைவ் படிக்கப்போவுதோ, அந்த டிரைவ்லயே புது டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி எழுதணும்ண்ணே. அவ்ளோதான்."