பெற்றுக்கொண்டேன்

மார்ச் 11, செவ்வாய். இன்றைய தவறு: ஏ.டி.எம்மில் ரகசிய எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. இயந்திரம் அட்டையை விழுங்கிவிட்டது. நாளை வங்கிக்குப் போய்க் கேட்க வேண்டும்.

மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் இதை எழுதினாள். தினமும் ஒரு தப்பையும் மறுநாள் வேலையையும் எழுதி வைக்கச் சொன்னார் கணக்குப்பதிவு டீச்சர். மற்றவர்கள் அதை அன்றே காற்றில் பறக்கவிட்டுவிட்டார்கள். இவள் ஒருத்திதான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். எழுதிய பிறகும் உறுத்தியது. அந்த எண் அவள் விரல்களுக்கே மனப்பாடம். ஆனாலும் எங்கே எது பிசகினாலும் அவள் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவாள்.

எடுக்கப் போனது அக்காவின் மாத்திரைக்கான பணம். அக்காவின் வயிற்றில் இருப்பது அவள் கொடுத்த சிறுநீரகம். மாத்திரை தவறினால் அக்காவின் உடம்பு அதை அந்நியம் என்று கண்டுகொண்டு விரட்டத் தொடங்கிவிடும். "உன் சரக்கு என் வீட்ல வாடகை குடுக்காம குடியிருக்கு, சின்னி," என்று அடிவயிற்றைத் தட்டிக் காட்டி அக்கா சிரிப்பாள். "காலி பண்ணச் சொல்லட்டுமா?"

மறுநாள் கடை வேலையின் மதிய இடைவேளையில் வங்கிக்குப் போனாள். உள்ளே குளிர் எலும்பு வரை இறங்கியது. தரை துடைத்த மருந்தின் வாசனையும், கண்ணுக்குத் தெரியாத ஓர் அறையில் அச்சு இயந்திரம் காகிதத்தை மென்று மென்று துப்பும் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. கவுண்டரில் இருந்த ஸ்வெட்டர்காரர் அவள் அடையாள அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு நோயாளியைப் பார்க்க வந்தவர் போல இதமாகப் புன்னகைத்தார்.

"உங்க கணக்க முடிச்சாச்சும்மா."

"நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டேனா சார்?"

"இல்லம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்போ ஏன் சார்?"

"காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல." தடித்த உறை ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். அதன் மேல் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு. "உங்களோட மீதி. இங்க கையெழுத்துப் போடுங்க. இந்த ஒண்ணு போதும், மத்த இடத்துக்கெல்லாம் நாங்களே சொல்லிடுவோம். நீங்க அலைய வேணாம்."

சீட்டில் பொடி எழுத்தில் நிறைய வரிகள் இருந்தன. கடைசியில் கொட்டை எழுத்தில் 'பெற்றுக்கொண்டேன்'. வரிசையில் பின்னால் வந்து நின்றவர் தொண்டையைச் செருமினார். கை நீட்டி வாங்கினால் கையெழுத்து என்பதுதான் வகுப்பில் படித்த முதல் பாடம். போட்டாள். அலைச்சல் மிச்சம் என்று நன்றி வேறு சொன்னாள்.

அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில், சுவர் நிறையக் கண்களே இல்லாத கண்ணாடிகள் அவள் உள்ளே நுழைவதைப் பார்த்தன. கல்லாவின் மேல் ஒரு பை. அதில் அவளுடைய கோப்பை, சீப்பு, குளிருக்குப் போடும் மேல்சட்டை. கூடவே, முதலாளியம்மாவின் பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த பூந்தொட்டி. செடி நன்றாக வளர்ந்திருந்தது.

"இது நான் உங்களுக்குக் குடுத்ததும்மா."

"அதான்," என்றார் முதலாளியம்மா. நின்றால் திட்டும் உட்கார்ந்தால் திட்டும் அந்த வாய் இன்று பஞ்சாக இருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோம்மா. காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

அதே இளஞ்சிவப்புச் சீட்டு. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போலிருக்குமே, அப்படி இருந்தது உள்ளே எல்லாம்.

போக வேறு இடம் தெரியாமல் வகுப்புக்குப் போனாள். அவள் உட்காரும் இடத்தில் பெஞ்சு இல்லை. வாய் ஓயாததால் எல்லோரும் 'ரேடியோ' என்று அழைக்கும் தோழி வாசலிலேயே நின்றிருந்தாள், வாயை மூடிக்கொண்டு. கைக்குட்டையை விரித்தாள். பாதி அழிப்பான், ஒரு பேனா, ஒரு தலைக் கிளிப், ஒரு டீக்கான சில்லறை.

"நீ குடுத்ததுன்னு எங்கிட்ட இருந்தது இவ்ளோதான்டி. வீடு பூரா தேடிட்டேன்."

"உனக்கு என்னடி ஆச்சு?"

ரேடியோவின் கண் கலங்கியது. ஆனால் புன்னகை மட்டும் ஸ்வெட்டர்காரருடையது. சீட்டை நீட்டினாள்.

மருந்துக்கடை. உறையைப் பிரித்துக் காசை வைத்தாள். கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்கா மதியமே ஃபோன் பண்ணிட்டாங்களே. இனிமே மாத்திரை தேவைப்படாதுன்னாங்க."

"ஏன் தேவைப்படாது?"

அவர் புன்னகைத்தார்.

பூந்தொட்டியைக் கடைப் படியிலேயே வைத்துவிட்டு நடந்தாள். பிறகு ஓடினாள். பயம் வர வேண்டும் என்று தெரிந்தது. கால்களுக்கு வந்திருந்தது. அவளுக்கு வரவில்லை. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. மாடிப்படியில் தரை துடைக்கும் மருந்தின் வாசனை. இந்தக் கட்டடத்தில் அதை யாரும் வாங்குவதில்லை.

கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை.

கூடத்தில் விளக்கு. மேஜை. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பு. அடிவயிற்றில் மடித்து அழுத்திய துண்டு. துண்டின் நிறம் சிவப்பாக மாறியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நாற்காலி கிறீச்சிட்டது.

மேஜையில் அவளுடைய டிபன் டப்பா. காலையில் மறந்து வைத்துவிட்டுப் போனது. மூடியின் விளிம்பில் ஆவி கோத்திருந்தது.

பக்கத்தில் இளஞ்சிவப்புச் சீட்டு. பேனா.

"அக்கா."

"வந்துட்டியா, சின்னி." அதே இதமான புன்னகை. "உன்னோடதுன்னு எங்கிட்ட இருந்தது இதான். பாத்து எடுத்துக்கோ."

"ஏன்க்கா?"

"காரணம் சொல்ல..." அக்கா மூச்சு வாங்கினாள். "எனக்கு அனுமதி இல்லடி."

டப்பாவைத் தொட்டாள். சூடு. உள்ளே ஏதோ மெல்ல அசைந்து அடங்கியது. அவள் இடுப்பில் இருந்த பழைய தழும்பு மரத்துப்போயிருந்தது. யாரையாவது கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸ். பக்கத்து வீடு. கை பேனாவை எடுத்தது.

மதியம் படிக்காமல் போட்டோம். அதுதான் தப்பு. இந்த முறை படித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

உட்கார்ந்தாள். பொடி எழுத்து. விரலை வரிக்கு வரி வைத்து, ஒன்று விடாமல், நிதானமாகப் படித்தாள். புரியாத இடத்தை மறுபடியும் படித்தாள்.

படித்து முடித்தபோது நாற்காலியின் கிறீச் நின்றிருந்தது. அக்கா இன்னும் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டாள். பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, டப்பாவைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு எழுதினாள்.

மார்ச் 12, புதன். இன்றைய தவறு: எதுவும் இல்லை. படித்துவிட்டுத்தான் போட்டேன். நாளை டப்பாவைக் கழுவி வைக்க வேண்டும்.