ஒரு சிரிப்பு கடத்தப்படுகிறது!

டிர்ர்ரிங்! டிர்ர்ரிங்!

ஸ்டூடியோ போன் அலறியபோது, கிச்சுகிச்சு கண்ணாடி முன்னால் நின்று புது கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

ரேடியோவில் பேசுகிறவருக்குக் கோட் எதற்கு?

காரணம் இருந்தது. இன்று காலை ஷோவை நேரில் பார்க்க ஒரு டி.வி. முதலாளியம்மா வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால், தினமும் டி.வி.யில் கிச்சுகிச்சுவின் முகம். பிடிக்காமல் போனால்...

ரேடியோ மேனேஜர் நேற்றே சொல்லிவிட்டார். "ஒண்ணு அங்க போங்க. இல்ல வீட்டுக்குப் போங்க. இங்க உங்க ஜோக் புளிச்சுப்போச்சு!"

கிச்சுகிச்சு போனை எடுத்தார்.

"வணக்கம்! சிரிக்கத் தயாரா?"

"சிரிப்பா?" பக்கெட்டுக்குள் தலையை விட்டுப் பேசுவது போல ஒரு குரல். "உன் சிரிப்பு என்கிட்ட இருக்கு!"

"யா... யாருங்க?"

"இன்னிக்கு ஷோல மாமியார் ஜோக் ஒண்ணு வந்துச்சு... உன் சிரிப்பை நீ உயிரோட பார்க்க மாட்டே!"

டொக்!

கிச்சுகிச்சுவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

கழுத்தில் கயிறு இல்லை. கயிற்றில் தொங்க வேண்டிய பென் டிரைவும் இல்லை!

"ஐயய்யோ!"

அலறல் கேட்டு, பாதி பிஸ்கட் வாயிலும் பாதி கையிலுமாக ஓடி வந்தார் பட்டன். சவுண்ட் இன்ஜினீயர். இருபத்து நாலு பட்டன்களுக்கு முன்னால் உட்கார்ந்தே பாதி வாழ்க்கையை ஓட்டியதால் அந்தப் பெயர்.

"என்ன சார்? யாராவது செத்துட்டாங்களா?"

"சிரிப்பைக் காணோம்யா!"

பிஸ்கட் தரையில் விழுந்தது.

அந்தச் சிரிப்பு சாதாரணச் சிரிப்பு அல்ல. குளிரில் கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டர் மாதிரி 'க்கும்... க்கும்...' என்று தொடங்கும். சட்டென்று பிடித்துக்கொள்ளும். மேடு ஏறும். உச்சியில் ஒரு விசில் அடித்து, 'ஹீ...க்!' என்று பிரேக் போடும். கேட்பவர்கள் கிச்சுகிச்சுவின் ஜோக்குக்குச் சிரித்ததைவிட அந்தச் சிரிப்புக்குச் சிரித்ததுதான் அதிகம்.

அது வந்த கதை இன்னும் விசேஷம்.

கிச்சுகிச்சுவின் முதல் ஷோ. லைனில் ஒரு பெண். பேசவே இல்லை. சிரித்தாள், சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். கிச்சுகிச்சு கிறங்கிப்போனார். நம்பரைப் பிடித்து, விலாசத்தைப் பிடித்து, கொட்டுகிற மழையில் போய்க் கதவைத் தட்டினார். ஒரு இளம்பெண் திறந்தாள். "சிரிச்சது நீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினாள். அவளையே கட்டிக்கொண்டார்!

அன்று பதிவாகி அந்தப் பென் டிரைவில் இருந்த சிரிப்பைத்தான் ஒவ்வொரு ஜோக் முடிந்ததும் பட்டன் தட்டிவிடுவார். ஜோக் எல்லாமே ஒரே ரகம்... சிரிக்கவே தெரியாத மாமியார்!

"ஒரு காப்பி எடுத்து வைக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் பட்டன். "கேட்டீங்களா?"

"காப்பி எடுத்தா எவனாவது திருடிடுவான்யா!"

"இப்ப காப்பி இல்லாமலே திருடிட்டான். முதலாளியம்மா முக்கியமா கேட்டது அந்தச் சிரிப்பைத்தான் சார். 'சிரிக்கிற பொம்பளையும் வரணும்'னு!"

கிச்சுகிச்சு தன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். நாற்காலி 'க்ரீச்' என்றது. முதல் ஷோவிலிருந்து அதே நாற்காலிதான். ராசியாம். ஒரு கால் ஒடிந்து டேப் சுற்றியிருந்தது.

"அதுல ஆடாதீங்க சார். இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

"என் நிலைமையும் அதேதான்யா! போலீஸைக் கூப்பிடு!"

இன்ஸ்பெக்டர் வந்தார். இரும்பு முகம். சர்வீஸில் ஒரு தடவைகூடச் சிரிக்காதவர் என்று டிபார்ட்மென்ட்டில் பேச்சு.

"காணாம போனது யாரு?"

"சிரிப்பு சார்."

"அடையாளம்?"

"ஆரம்பத்துல ஸ்கூட்டர் மாதிரி... கடைசில விசில் மாதிரி..."

இன்ஸ்பெக்டர் கிச்சுகிச்சுவை மேலும் கீழும் பார்த்தார். "குடிப்பீங்களா?"

"காபி மட்டும் சார்!"

பட்டன் குறுக்கே புகுந்தார். "இங்க வர்ற எல்லா போன் காலும் பதிவாகும் சார். கேளுங்க."

மிரட்டல் குரல் மறுபடியும் ஒலித்தது. பட்டன் குரலைக் குறைத்து, பின்னணிச் சத்தத்தை மட்டும் தூக்கினார்.

கடகட... கடகட... கடகட... டொங்!

இன்ஸ்பெக்டரின் கண்கள் மின்னின. "ரயில்! தண்டவாளம் பக்கத்துலதான் குற்றவாளி ஒளிஞ்சிருக்கான்!"

"ரயில் 'டொங்'னு சத்தம் போடாது சார்," என்றார் பட்டன். "அச்சு மெஷினா இருக்குமோ?"

கிச்சுகிச்சுவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

"என்ன மிஸ்டர்? தெரிஞ்ச சத்தமா?"

"அது... எங்க வீட்டு வாஷிங் மெஷின் சார்! ஒரு கால் குட்டை. சரி பண்றேன், சரி பண்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்..."

"அப்ப குற்றவாளி..."

"வீட்டுக்குள்ள!"

ஜீப் சைரன் போட்டுக்கொண்டு சீறியது. "சீக்கிரம் வாங்க சார்! அதுவரைக்கும் பாட்டு போட்டுச் சமாளிக்கறேன்!" என்று பட்டன் கத்தியது பாதிதான் காதில் விழுந்தது.

வீட்டு வாசலில் மனைவி. இடுப்பில் ஈரத் துணிக்கூடை.

"என்னங்க, ஷோவை விட்டுட்டு? பின்னாடி யாரு? போலீஸா?"

"நகரு! உங்கம்மா எங்க?"

ஹாலில் மாமியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பேப்பர் தலைகீழாக இருந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு நீல பக்கெட்.

"அத்தை... போன் பண்ணது நீங்கதானே?"

"எந்த போன் மாப்பிள்ளை?"

"பக்கெட் எதுக்கு ஹால்ல?"

மாமியார் பக்கெட்டைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மூச்சை இழுத்துவிட்டார்.

"சரி, நான்தான். குரல் தெரியக் கூடாதேன்னு பக்கெட்டுக்குள்ள பேசினேன்."

"என்னை 'நீ'ன்னு வேற சொன்னீங்களே அத்தை!"

"மாப்பிள்ளையை ஒரு தடவையாவது அப்படிக் கூப்பிடணும்னு கல்யாணமான நாள்லேருந்து ஒரு ஆசை. அதான் சந்தடிசாக்குல..."

"அம்மா!" மனைவி அதட்டினாள்.

"அதெல்லாம் அப்புறம். பென் டிரைவைக் குடுங்க அத்தை. டி.வி.க்காரங்க வந்துட்டிருக்காங்க!"

மாமியார் புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். பென் டிரைவ் வெளியே வந்தது. அதன் வாயிலிருந்து சொட்... சொட்... என்று சோப்புத் தண்ணீர்.

"ஐயோ! என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. கயிறு அறுந்துபோச்சுன்னு நீங்கதான் நேத்து சட்டைப் பையில போட்டீங்க. இன்னிக்குக் கோட் மாட்டிக்கிட்டுச் சட்டையை அழுக்குக்கூடையில எறிஞ்சீங்க. முதல் ஈடு துவைச்சு எடுக்கறப்பதான் கையில தட்டுப்பட்டுச்சு. ரெண்டாவது ஈட்டைப் போட்டுட்டு உங்களுக்கு போன் பண்ணேன்."

இன்ஸ்பெக்டர் பென் டிரைவைக் காதருகே வைத்து ஆட்டினார். சளக் சளக் என்றது.

"அப்ப நீங்க மிரட்டல் போன் பண்றப்பவே..."

"ஆமாங்க," என்றார் மாமியார் நிதானமாக. "உயிர் போயிடுச்சு."

கிச்சுகிச்சு தரையில் உட்கார்ந்துவிட்டார். தொலைந்தது டி.வி. தொலைந்தது ரேடியோ. கண்ணீர் முட்டியது. திடீரென்று...

துள்ளி எழுந்தார்!

"பதிவு போனா என்ன? சிரிச்ச ஆள் இருக்கே!" மனைவியின் கையைப் பிடித்தார். "கிளம்பு! மைக் முன்னாடி வந்து அதே சிரிப்பைச் சிரி!"

மனைவி கையை உருவிக்கொண்டாள். துணிக்கூடையைக் கீழே வைத்தாள்.

"என்னால முடியாதுங்க."

"ஏன்?"

"அது... நான் சிரிச்சது இல்ல."

"விளையாடாதே! கதவைத் திறந்து தலையாட்டினியே!"

"மழையில தொப்பலா நனைஞ்சு நின்னீங்க. மூக்கு நுனியில ஒரு சொட்டு தொங்கிக்கிட்டிருந்துச்சு. 'சிரிச்சது நீங்களா'ன்னு கேட்டீங்க. இல்லேன்னு சொன்னா திரும்பிப் போயிடுவீங்களேன்னு இருந்துச்சு. தலையாட்டிட்டேன்."

"அப்ப சிரிச்சது..."

மனைவியின் கண் சோபா பக்கம் போனது.

மாமியார் பேப்பரை நிதானமாக மடித்தார்.

கிச்சுகிச்சுவுக்குத் தலை சுற்றியது. "அத்தை... நீங்களா? நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே!"

"எப்படிச் சிரிப்பேன்? உங்க முன்னாடி சிரிச்சா என் பொண்ணு பொய் சொன்னது வெளிய வந்துடாது? சிரிப்பு வந்தா பாத்ரூமுக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டுச் சிரிச்சுட்டு வருவேன். நீங்க ஊர் பூரா 'என் மாமியாருக்குச் சிரிக்கவே தெரியாது'ன்னு சொல்றீங்க. சொல்லி முடிச்சதும் என் சிரிப்பையே போடறீங்க! தினமும் காலையில நான் உட்கார்ந்து கேட்கறேன்!"

உள்ளே வாஷிங் மெஷின் 'டொங்' என்றது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "மிஸ்டர், சொத்து அந்தம்மாவோடது. சொல்லப்போனா, இத்தனை வருஷமா திருடினது நீங்க!"

கிச்சுகிச்சு கை கூப்பினார். "அத்தை... இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு சிரிப்பு."

"கேட்டா வர்றதுக்கு அது என்ன குழாய்த் தண்ணியா? வர்றேன். ஆனா மாமியார் ஜோக் கிடையாது. நல்லா இருந்தா சிரிப்பேன். இல்லேன்னா உம்முன்னுதான் இருப்பேன். பொய்ச் சிரிப்பு எனக்கு வராது."

ஸ்டூடியோவில் முதலாளியம்மா வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி. கையில் ஒப்பந்தம். பட்டன் ஆறாவது பாட்டைப் போட்டுவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நேரலை!

கிச்சுகிச்சு எதிரே, இன்னொரு மைக் முன்னால், மாமியார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியும் இன்ஸ்பெக்டரும்.

"ஒரு டாக்டர்கிட்ட ஒரு நோயாளி போனாராம்..." என்று ஆரம்பித்தார். மாமியார் கல் மாதிரி இருந்தார். வக்கீல் ஜோக். கல். வாத்தியார் ஜோக். மாமியார் கொட்டாவியே விட்டார்!

முதலாளியம்மா ஒப்பந்தத்தைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார்.

முடிந்தது!

கிச்சுகிச்சு மைக்கை இழுத்து, தாழ்ந்த குரலில் கேட்டார். ஜோக் சொல்கிற குரல் இல்லை அது.

"அத்தை... முதல் ஷோல மட்டும் அப்படிச் சிரிச்சீங்களே. அன்னிக்கு நான் எந்த ஜோக் சொன்னேன்?"

"ஜோக்கா? நீங்க எங்க ஜோக் சொன்னீங்க? பயத்துல வாயே திறக்கல. 'வணக்கம்'னு சொன்னீங்க, நாற்காலியோட தடால்னு விழற சத்தம்தான் ரேடியோவுல கேட்டுச்சு! 'அம்மா'ன்னு ஒரு சத்தம். ஐயோ பாவம், அடிபட்டுடுச்சோன்னு கேட்கத்தான் போன் பண்ணேன். கேட்க வாயைத் திறந்தா சிரிப்பு வந்துடுச்சு. அந்தப் 'பாவம்' என் மனசுல அப்படியே நின்னுச்சு மாப்பிள்ளை. அதான் பொண்ணு தலையாட்டினப்ப நானும் குறுக்க வரல."

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

"அத்தை, சிரிக்கத் தெரியாதவங்கன்னு உங்களைச் சொல்லியே சோறு தின்னுட்டேன். ஊர் கேட்க மன்னிப்பு கேட்கறேன்..."

கும்பிட்டபடி நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

க்ரீச்... சடக்!

டேப் சுற்றிய கால் போயேபோய்விட்டது! நாற்காலி ஒரு பக்கம், கோட் ஒரு பக்கம், ஹெட்போன் வயரில் மாட்டிய கிச்சுகிச்சு மேஜைக்கு அடியில்!

"அம்ம்ம்மா!"

எதிர் மைக்கிலிருந்து ஒரு சத்தம்.

க்கும்...

க்கும்... க்கும்...

பிடித்துக்கொண்டது ஸ்கூட்டர்! மேடு ஏறியது! உச்சியில் விசில்! இத்தனை வருடம் குழாய்த் தண்ணீர் சத்தத்தில் கரைந்த சிரிப்பெல்லாம் மொத்தமாக மைக்கில் கொட்டியது. பட்டன் மேஜையில் குப்புற விழுந்து சிரித்தார். முதலாளியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரும்பு முக இன்ஸ்பெக்டர் சுவர் பக்கம் திரும்பி நிற்க, தொப்பி மட்டும் குலுங்கியது!

மேஜைக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கிய கிச்சுகிச்சு வேறொன்றைப் பார்த்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி. வாய் மூடியிருந்தது. தோள்கள் குலுங்கின. கண்ணில் தண்ணீர். அவள் சிரிப்புக்குச் சத்தமே கிடையாது!

சத்தத்தையே நம்பிப் பிழைத்த மனுஷன், இதை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஷோ முடிந்ததும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அவளிடம்தான் போனார்.

"இப்படித்தான் எப்பவும் சிரிப்பியா?"

"நீங்க பல்லு தேய்ச்சுக்கிட்டே பாடறப்ப எல்லாம்."

முதலாளியம்மா ஒப்பந்தத்தோடு வந்தார். கிச்சுகிச்சு பேனாவுக்குக் கை நீட்டினார்.

ஒப்பந்தம் அவரைத் தாண்டிப் போனது!

"ஷோ உங்களுக்குத்தாம்மா," என்றார் முதலாளியம்மா, மாமியாரிடம். "தினமும் பேசுங்க, சிரிங்க. மாப்பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்கு. பேச வேண்டாம். நாற்காலியிலேருந்து விழுந்தா போதும்."

கிச்சுகிச்சு நீட்டிய கையால் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க மாப்பிள்ளை, மெத்தை போடச் சொல்றேன்," என்று கையெழுத்துப் போட்டார் மாமியார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரும்பு முகத்தை மீண்டும் மாட்டிக்கொண்டு நெருங்கினார்.

"அம்மா, சிரிப்பு காணோம்னு புகார் குடுத்தாரு. இப்ப கேஸை என்னன்னு முடிக்கறது?"

மாமியார் பேனாவை மூடினார்.

"சிரிப்பு கிடைச்சிடுச்சு... ஜோக்கைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்னு எழுதிக்கோங்க!"