சுடர் இடம் மாறிய மாலை

"புவனேந்திரன் அண்ணை, உடைச்சவர் ஆரெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் நிரூபிச்சுத் தந்தால் போதும்."

மழையில் நனைந்த குடையைப் புவனேந்திரனின் வீட்டு வாசலில் மடக்கியபடியே செல்வமலர் சொன்னார்.

மிச்சம் எனும் ஆங்கில நகரில் தமிழர் வழிபடும் பழைய மண்டபத்தைக் காக்கவென, சுற்றியுள்ள வீடுகள் நகரசபைக்குக் கட்டும் கவுன்சில் வரியோடு இரண்டாயிரத்து ஐந்து முதல் ஒரு கூடுதல் வரியும் தண்டப்பட்டது. அதனால் கூரை உறுதிபெற்றது. வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒளிபெற்றது. மறுநாள் திறப்புவிழா. வரியைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று பார்க்க நகரசபை அதிகாரியும் வருகிறார். முதற்பதிகம் பாடவிருந்தவர் செல்வமலர். அவர் சாளரத்தடியில் விளக்கேற்றிவிட்டுக் கடைக்குப் போய்வருவதற்குள் சாளரம் நொறுங்கிக் கிடந்தது.

"பக்கத்து வீட்டுக் கோபாலகிருஷ்ணன்தான்!" என்றான் புவனேந்திரனின் நண்பன் பிரதாபன். "வரி கட்ட ஏலாதெண்டு வாசலில நிண்டு கத்தினவர்."

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான புவனேந்திரன் மண்டபத்துக்கு நடந்தார். கண்ணாடிச் சில்லுகள் வெளியே புல்லில் சிதறியிருந்தன. உள்ளே பாயில் சேற்றின் சுவடே இல்லை. காற்று புகாத அலுமாரி மூலையில் விளக்கு அசையாது எரிந்தது.

"விளக்கை நீங்களோ நகர்த்தினீங்கள்?"

"இல்லை அண்ணை. வரேக்கையே அங்கதான் இருந்தது."

அங்கே மாலை கட்டிக்கொண்டிருந்த, பாட்டுக்குத் தாளம் போடும் சிவமலரையும், காலில் சேறுபடிந்த சப்பாத்தோடு வாசலில் வந்து நின்ற கோபாலகிருஷ்ணனையும் அவர் அருகழைத்தார்.

"என் மேலதான பழி?" என்றார் கோபாலகிருஷ்ணன். "ஆமா, கத்தினேன். உடைக்கல."

"தெரியும்," என்றார் புவனேந்திரன். "கண்ணாடி வெளியே விழுந்ததால் அடி உள்ளிருந்து விழுந்திருக்கிறது. நீங்கள் உள்ளே வந்திருந்தால் பாய் சேறாகியிருக்கும். சப்பாத்தை நீங்கள் கழற்றுவதில்லை. உடைத்தவர் முதலில் விளக்கை நகர்த்தியிருக்கிறார். சாளரம் போனால் காற்று வரும், சுடர் அணையும் என்று அஞ்சியவர். நாளை முதலில் பாடவிருக்கும் செல்வமலர் மீது சினம். இறைவன் மீது பக்தி."

சிவமலரின் கையிலிருந்த மாலை நழுவியது.

"கூரை ஒழுகின காலமெல்லாம் வாளி வைச்சுப் பாடினது நான்," என்றார். "கூரை சரிவந்ததும் பாட்டு அவவுக்கு, தாளம் எனக்கு. விழா தள்ளிப்போகட்டும் எண்டுதான்... வரி நிண்டுபோகுமெண்டு நினைக்கேல்லை."

செல்வமலர் தலைகுனிந்தார்.

"உம்மட குரலுக்கு முன்னால என்ர குரல் நிக்காது சிவமலர். அந்த எரிச்சலிலதான் உம்மைக் கேளாமல் விழாப் பாட்டுக்கு என்ர பேரைக் குடுத்தனான்."



"அழுக்காறு ஒரு வீட்டில் மட்டும் குடியிருப்பதில்லை," என்றார் புவனேந்திரன். "நாளை அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லுங்கள். கண்ணாடியைச் சிவமலர் போட்டுத் தரட்டும். பாட்டு?"

கோபாலகிருஷ்ணன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பாயில் வந்து அமர்ந்தார்.

"இத்தனை நாளா வரி கட்டுறேன். ஒருத்தர் பாட்டுக்கு மட்டுமா? ரெண்டு பேரும் பாடுங்க. வரி தொடரட்டும்னு நானே அந்த அதிகாரிகிட்ட பேசறேன்."