கடைசி வரிக்குக் கீழே

நேற்று மாலை அழித்துவிட்டுப் போன வெற்றுப் பக்கங்கள் இன்று மதியம் திரும்பி வந்திருந்தன. நேற்றுப்போல நாற்பது அல்ல. நாற்பத்தொன்று.

அக்கா இறந்து மூன்று மாதம். அவள் பாதியில் விட்ட நாவலைப் புது மென்பொருளுக்கு மாற்றித் தரச்சொல்லிப் பதிப்பகத்தார் கேட்டிருந்தார்கள். பிழைதிருத்தும் வேலை பார்க்கிற தங்கை, அக்காவின் அறையிலேயே, அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, சன்னல் திரையின் பூசண வாடையும் பழைய கணினியின் சூடான தூசி மணமும் மூக்கில் ஏற, அந்தக் கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வரிகளுக்கு நடுவே புரியாத குட்டிக் கட்டங்கள். கடைசி வரிக்குக் கீழே வெறும் வளைந்த அம்புக்குறிகள், பக்கம் பக்கமாக.

கணினி பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள்.

“அது எழுத்து இல்லைங்க, மிஷினுக்குச் சொல்ற உத்தரவு. இங்க வரி முடியுது, இங்க பக்கம் முடியுதுன்னு. பேப்பர்ல வராது. அந்த அம்புக்குறி, என்டர் தட்டினது. யாரோ விரலை எடுக்காமலே வெச்சிருந்திருக்காங்க.”

இறந்த அன்று அக்கா விசைப்பலகையின் மேல் சரிந்து கிடந்தாள். விசை அமுங்கியே கிடந்ததில் பீப், பீப் என்று விட்டுவிட்டு வந்த சத்தம் பக்கத்து அறையில் இவள் காதில் விழத்தான் செய்தது. மிஷின் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவர், இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மறுபடி எல்லா அம்புக்குறிகளையும் அழித்தாள். சேமித்தாள். மூடித் திறந்தாள்.

நாற்பத்திரண்டு.

விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினாள்.

பீப்.

நாற்பத்து மூன்று. அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக இறங்கின. மூச்சு வாங்குகிறவர் படியிறங்குவது போல, நின்று நின்று.

எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் இந்தச் சத்தம் கேட்டும் ஒருமுறை வராமல் இருந்தாயிற்று.

“வந்துட்டேன்கா,” என்று சொல்லி, என்டர் விசையின் மேல் கையை வைத்தாள்.

அது ஏற்கெனவே அமுங்கியிருந்தது. சில்லென்று.

கையை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. விரல்களின் மேல் இன்னொரு கையின் கனம்.

பிறகு அவள் தோளில், கன்னத்தோடு கன்னம் உரச, ஒரு தலை மெல்லச் சரிந்தது.