கண்ணாடிக்கு உள்பக்கம்

கரும்பறவை கண்ணாடிக்கு உள்பக்கம் செத்துக் கிடந்தது.

வெளியே கிடந்திருந்தால், வீட்டுக்காரி போடில் அதை வாரிக் குப்பையில் போட்டுவிட்டு மறந்திருப்பாள். வசந்தத்தில் குடிவந்த நாளிலிருந்தே பறவைகள் மோதிக்கொண்டுதான் இருந்தன. கூடத்தின் தெற்குப் பக்கம் சுவரே கிடையாது. தரையிலிருந்து கூரைவரை மூன்று பெரிய கண்ணாடிகள்; அவற்றுக்கு அப்பால் அறுவடை முடிந்த பார்லி வயல், வயலின் கடைசியில் பீச் மரக்காடு. காடு கண்ணாடியில் தெரியும். பறவை அதை நம்பிப் பறந்து வரும். அவள் கணவன் அஸ்கர் கறுப்புக் காகிதத்தில் பருந்துகள் வெட்டி ஒட்டியும் பார்த்தான். அப்படியும் வாரத்துக்கு இரண்டு பறவையாவது செத்தது.

ஆனால் அவையெல்லாம் வெளியே. இது உள்ளே, பளபளக்கும் தக்கைத் தரையில், கழுத்து பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. அவள் இடுப்பு உயரத்தில் கண்ணாடியில் ஒரு ரத்தப் பொட்டு. அதில் ஒட்டிக்கொண்டு நடுங்கும் ஒரு சிறு இறகு. ஈரத்துணியால் துடைத்தாள். துணியில் சிவப்பு ஏறியது. கறை உள்பக்கத்தில்தான் இருந்தது.

"புகைபோக்கி வழியா வந்திருக்கும்," என்றான் அஸ்கர், கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"அடுப்பு மூடி சாத்தியிருக்கு. நான் பார்த்துட்டேன்."

"அப்போ சிக்னே கதவைத் திறந்து போட்டிருப்பா. ஒரு குருவிக்கு இவ்வளவு விசாரணையா? பள்ளிக்கூடத்தோட டீச்சர் வேலையை நிறுத்திக்க, போடில்."

"நான் திறக்கல," என்றாள் ஆறு வயது மகள் சிக்னே.

அந்த வீடு அஸ்கரின் ஆறு வருட உழைப்பு. நாற்காலித் தொழிற்சாலையில் வரைபடம் போடுபவன் அவன். தட்டைக் கூரை, மஞ்சள் செங்கல், தேக்குப் பலகை என்று ஒவ்வொன்றையும் அவனே கோடு போட்டுத் தீர்மானித்தான். 1963-இல், யூட்லாண்டின் அந்த மூலையில், அப்படியொரு வீட்டை யாரும் பார்த்ததில்லை. நீளமாகவும் தாழ்வாகவும் இருந்ததால் ஊரில் அதற்குக் 'கோழிப்பண்ணை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் சிரித்துக்கொள்வான். உள்ளூர வலிக்கும்.

வீட்டில் வெளிச்சம் வராத இடம் ஒன்றே ஒன்றுதான். கூடத்திலிருந்து படுக்கையறைகளுக்குப் போகும் நடை. இருபுறமும் தேக்குப் பலகை, நான்கு கதவுகள், ஒரு ஜன்னல்கூட இல்லை. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் போகவேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து வந்தபோது, நடுக்கண்ணாடிக்குக் கீழே ஒரு முயல் கிடந்தது. வளர்ந்த காட்டு முயல். வாசற்கதவை அவளே பூட்டிவிட்டுப் போயிருந்தாள். இப்போது அவளே சாவி போட்டுத் திறந்தாள். முயலின் ஒரு கண் வெளியே பிதுங்கியிருந்தது. கண்ணாடியில் ஒரு கறை அல்ல, ஏழெட்டுக் கறைகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

அதை யாரிடமும் சொல்லாமல் புதைத்தாள். அன்று முழுக்க அவள் மூக்கில் கண்ணாடி துடைத்த வினிகரும் தேக்கு எண்ணெயும் கலந்த வாடையோடு இன்னொன்றும் இருந்தது. நனைந்த மண்ணும் பழைய இரும்பும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. நடையின் வாயில் அது கனமாக இருந்தது. விளக்கைப் போட்டதும் குறைந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாய் ரோல்ஃப் செத்தது.

போடில் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலெடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே அக்டோபர் வெயில் மெலிந்து விழுந்துகொண்டிருந்தது, எண்ணெய்க் கொதிகலன் எங்கோ டிக்கென்று சூடேறியது, நாய் கூடத்தில் எழுந்து நிற்கும் நகச்சத்தம் கேட்டது, பிறகு அதன் தொண்டையிலிருந்து, ஒன்பது வருடத்தில் அவள் ஒருமுறையும் கேட்டிராத, குழந்தை அழுவதைப் போன்ற ஒரு மெல்லிய குரல். எட்டிப் பார்த்தாள். ரோல்ஃப் நடையைப் பார்த்து நின்றது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. அதன் காலடியில் மூத்திரம் குளமாகப் பரவியது. நடையில் யாருமில்லை.

கையைத் துடைக்கத் திரும்பினாள். தொம்.

வீடே அதிர்ந்தது. மறுபடி தொம். ஓடிவந்தபோது சோபாவின் முதுகு மறைத்தது. அதற்கு மேலே ஒரு பழுப்பு உடம்பு கண்ணாடியில் மோதி வழுக்கி விழுவதை மட்டும் பார்த்தாள். மூன்றாவது முறை. அதற்குப் பிறகு சத்தமில்லை.

அடுத்த பண்ணைக்காரர் கிரெஸ்டன் குழி வெட்ட உதவிக்கு வந்தார். அறுபது வயது, வாயில் எப்போதும் கேலி.

"கோழிப்பண்ணைக்குள்ள வர எனக்கு நாய் சாகவேண்டியிருக்கு பாருங்க," என்று சொல்லிக்கொண்டே ரோல்ஃபைத் தூக்கக் குனிந்தார். கேலி நின்றது. நாயின் முதுகை விரல்களால் தடவிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது தானா ஓடி மோதினதுன்னா சொல்றீங்க?"

"ஆமா."

"ஓடி மோதினா மூக்கு உடையும், பல்லு உடையும். இதுக்கு முதுகெலும்பு மூணு இடத்துல போயிருக்கு."

"அப்படின்னா?"

"எனக்கென்ன தெரியும். நான் பன்னி வளர்க்கிறவன்." நடையின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. "குழந்தையை இங்க வெச்சுக்காதீங்க."

அன்று இரவுச் சாப்பாட்டில் சண்டை வந்தது. வீபோரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு சிக்னேயைக் கூட்டிப்போவதாகப் போடில் சொன்னாள்.

"இந்த வீட்டுல ஒவ்வொரு அங்குலமும் என் கைபட்டது," என்றான் அஸ்கர். "எனக்குத் தெரியாம இதுல ஒண்ணும் இருக்க முடியாது."

"அப்போ அது என்னன்னு சொல்லு."

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். அவன் கழுத்து வியர்த்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். சில நாட்களாகவே அவன் நடை விளக்கை அணைப்பதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"சனிக்கிழமை போங்க," என்றான் தணிந்து. "நானே கொண்டுபோய் விடறேன்."

சனிக்கிழமை மூன்றரை மணிக்குப் பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. போடில் அறைக்கதவுகளைச் சாத்தி, நடை விளக்கையும் பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டு வந்திருந்தாள். சிக்னேயின் மழைக்காலணி அறையிலேயே இருந்தது. குழந்தை சட்டென்று இறங்கி உள்ளே ஓடினாள்.

"நில்லு, நான் எடுத்துட்டு வர்றேன்!" அஸ்கர் பின்னாலேயே போனான்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். காடு அசையவில்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

தொம்.

போடில் வீட்டைச் சுற்றித் தோட்டத்துக்கு ஓடினாள். வாசற்கதவு ஏன் நினைவுக்கு வரவில்லை என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. கால்கள் கண்ணாடிக்குத்தான் போயின.

சிக்னே உள்ளே, நடுக்கண்ணாடியில் இரு கைகளையும் பதித்து நின்றாள். வாய் திறந்திருந்தது. இரட்டைக் கண்ணாடி, அலறல் வெளியே வரவில்லை. அவளுக்குப் பின்னால் அஸ்கர், நடையைப் பார்த்தபடி, கைகளை விரித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தான். அவன் காலருகே நாற்காலி ஒன்று கால் முறிந்து கிடந்தது. அதைத்தான் கண்ணாடியில் எறிந்திருக்கிறான். நடையில் இருட்டு. தட்டையான, வெறும் இருட்டு.

திரும்பினான். நெற்றி கிழிந்து முகம் முழுக்க ரத்தம். அவன் உதடுகளை அவள் படித்தாள்.

உடை.

பாத்தி ஓரத்தில் பதித்திருந்த கல்லைப் பிடுங்கி அடித்தாள். வெளிக்கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. உள்கண்ணாடி நின்றது. மறுபடி அடித்தாள். நகம் பெயர்ந்தது. மறுபடி. விரிசல். அஸ்கர் குழந்தையை ஒதுக்கிவிட்டுத் தோளால் இடித்தான். உடைந்தது.

அந்த வாடை முகத்தில் அறைந்தது. நனைந்த மண். இரும்பு.

"பிடி! பிடி அவளை!"

சிக்னே ஓட்டை வழியாக அவள் கைக்கு வந்தாள். பல்போல நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடி குழந்தையின் தொடையைக் கீறியது. சூடான ரத்தம் போடிலின் மார்பில் ஓடியது. அஸ்கர் தலையை நுழைத்தான். தோள். பாதி உடம்பு வெளியே வந்துவிட்டது.

நின்றான்.

"அஸ்கர்?"

"காலை," என்றான் மெதுவாக, ஆச்சரியப்பட்டவனைப் போல. "போடில், என் காலை."

அவள் அவன் மணிக்கட்டைப் பற்றினாள். அவன் பின்பக்கமாக இழுபட்டான். அவசரமில்லாமல், ஒரே சீராக. சட்டத்தில் நின்ற கண்ணாடி முனைகள் அவன் வயிற்றில் இறங்கின. சட்டை கிழிந்தது. சட்டை மட்டுமல்ல. அவன் அலறிய அலறலில் காட்டிலிருந்து காக்கைகள் எழும்பின. ரத்தத்தில் அவள் பிடி வழுக்கியது. விரல்கள். விரல்நுனிகள்.

"தூக்கிட்டு ஓடு!"

அவனைப் பிடித்திருந்த கையில் ஒன்றுமில்லை.

ஓடினாள். வயலில் அறுத்த பார்லித் தாள்கள் பாதத்தைக் குத்தின. ஒரு செருப்பு எங்கோ போனது. சிக்னே அவள் தோளில் முகத்தைப் புதைத்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "உயரமா. உயரமா. ரொம்ப உயரமா."

"பேசாதே கண்ணு. பார்க்காதே."

தொம்.

வயல் நடுவில் போடில் நின்றாள். திரும்பக்கூடாது என்று தெரியும். திரும்பினாள்.

சாயும் வெயில் கூடம் முழுவதையும் நிரப்பியிருந்தது. நடுவில், ஒரு ஆள் தாராளமாக வெளியே வரக்கூடிய ஓட்டை. அதற்கு இரண்டடி தள்ளி, இடப்பக்கத்து முழுக்கண்ணாடியில் அஸ்கர் மோதிக்கொண்டிருந்தான். மோதல் முதலில் தெரிந்தது. சத்தம் வயலைக் கடந்து சற்றுப் பிந்தி வந்தது. தொம். அவன் முகம் இருந்த இடம் கண்ணாடியில் அழுந்தியது, பின்னால் போனது, மறுபடி வந்தது. அவன் கைகள் தொங்கின. தலை தொங்கியது. அப்படித் தொங்குகிறவன் தானாக எதிலும் மோதமுடியாது.

போடில் கண்ணைக் கீழே இறக்கினாள். அவன் காலணிகள் தரைக்கு மேலே, ஒரு முழம் உயரத்தில், அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.