பத்தாம் வீட்டில் ஒரு மாடம் குறைகிறது

"ஐயய்யோ...!"

அலறல் சுவரைத் தாண்டி வந்தது.

இங்கிலாந்தின் பாத் நகரம். ஒட்டி ஒட்டி நிற்கும் பன்னிரண்டு வீடுகள். பதினொன்றில் தும்மினால் பத்தில் கேட்கும். பதினொன்றாம் வீட்டு வின்னி, படம் மாட்டச் சுவரில் துளை போட்டிருந்தாள். ட்ரில் முனையில் சுற்றிக்கொண்டு வந்தது... ஆம்பளைக் கோட்டின் கம்பளி நூல்!

பத்தாம் வீட்டு ஹெஸ்டர் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அந்தக் கோட்டுக்குள்தான் அவள் புருஷன் கிளைவ் இருக்கிறான். ஆறு வருஷமாக!

பழங்காலத்து மர ஜன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கலாம் என்றான். அந்தத் தெருவில் அதைவிடச் சின்னக் காரணத்துக்கே கொலை விழும்.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் டக்வெல் சம்மட்டியோடு வந்து நின்றார்.

"மத்த பதினொரு வீட்லயும் கணப்பு அடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஆளுயர மாடம் இருக்கு. உங்க வீட்ல மட்டும் ஒண்ணு. இன்னொண்ணு எங்க மேடம்?"

"நான் வாங்கினப்பவே இப்படித்தான் சார்..."

"பாத்துடுவோம்!"

சம்மட்டி உயர்ந்தது.

"நிறுத்துய்யா!"

வாசலில் நகராட்சியின் பழங்கட்டட அதிகாரி ஃபென்டிமன். அவர் கையெழுத்தில்லாமல் அங்கே ஒரு கல் அசையாது.

"இருநூத்து முப்பது வருஷத்துச் சுவர்! அனுமதி எங்க?"

"உள்ள பொணம் இருக்கு சார்!"

"இருக்கட்டுமே. அதுக்குன்னு?"

ஹெஸ்டருக்கு உயிர் திரும்பியது. அதிகாரிக்கு டீ வந்தது. கூடவே ரெண்டு பிஸ்கட்.

ஃபென்டிமன் சுவரைத் தடவினார். பூதக்கண்ணாடி வைத்தார். முகம் கோணியது.

"சே... பழசே இல்ல! சிமெண்ட்! எவனோ கத்துக்குட்டி பூசினது. இன்ஸ்பெக்டர், தாராளமா இடிங்க."

"சிமெண்ட்டா?" ஹெஸ்டர் சீறினாள். "யாரப் பாத்து? அந்தக் காலத்து முறைப்படி மூணு மாசம் சுண்ணாம்பை ஊறவெச்சு, குதிரைமுடி கலந்து, என் கையால பூசினது!"

டக்வெல் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது...

டக்வெல் விலங்கை மாட்டினார். "பிரமாதம் சார்! என்னமா கொக்கி போட்டீங்க!"

"கொக்கியா? நான் நெசமாவே சிமெண்ட்னுதான்..." ஃபென்டிமன் கண்ணைத் துடைத்தார். "குதிரைமுடி! இந்தக் காலத்துல யாரும்மா இவ்ளோ மெனக்கெடுறாங்க?"

டக்வெல் மறுபடி சம்மட்டியை எடுத்தார்.

ஃபென்டிமன் சுவரை மறித்து நின்றார்.

"அந்தம்மாவ இழுத்துட்டுப் போங்க. இதைத் தொட்டீங்க, நடக்கறதே வேற!"

"அப்ப பொணம்?"

"ஆறு வருஷம் நின்ன மனுஷன், அனுமதி வர்ற வரைக்கும் இன்னும் எட்டு வாரம் நிக்க மாட்டாரா? விண்ணப்பத்தைப் போடுங்கய்யா!"