கண்ணாடியில் தெரிந்த நாக்கு

மருமகள் வைத்துவிட்டுப் போன காப்பியைக் காளியம்மாள் தொடவே இல்லை. டம்ளரில் ஆடை கட்டிக் கிடந்தது.

"செழியா, ஒம் பொண்டாட்டி என்னைப் பாத்து நாக்க நீட்டிப் பழிப்புக் காட்டுறா. நான் அரிசி பொடைச்சுக்கிட்டு இருக்கேன், முன்னாடி கண்ணாடியப் பாக்குற மாதிரி நின்னுக்கிட்டு... முந்தாநாளும் பாத்தேன், நேத்தும் பாத்தேன்."

அடுப்படியில் இருந்த இசைவாணிக்கு அது கேட்டது. நாக்கை நீட்டியது உண்மைதான். கண்ணாடிக்குள் மாமியாரும் தெரிந்திருப்பார் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்கள இல்லீங்கத்தை..." என்றாள்.

"பின்ன யார?"

அதற்குப் பதில் சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இசைவாணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கழுத்தின் நடுவில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. பூதலூரில் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்க் காட்டினாள். டாக்டர் ஃபஹ்மிதா எச்சில் விழுங்கச் சொன்னார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வெளியே வந்தபோது கட்டியும் மேலே ஏறியது. "பயப்படாதீங்க, இது பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். ஸ்கேன் எடுத்துட்டு ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். தையில் நாத்தனார் கல்யாணம், அது முடியட்டும் டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கட்டி ஏறுகிற வரைக்கும் புற்றுநோய் இல்லை என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு, தினமும் காலையில் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்தாள்.

நாத்தனார் செம்மொழிக்கு முப்பது வயது. ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவிப் போயிருந்தது. அந்த வீட்டு மருமகளுக்குக் கழலையாமே என்று ஒரு பேச்சு கிளம்பினால் மூன்றாவதும் போய்விடும். அதற்காகத்தான் இசைவாணி புடவைத் தலைப்பைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு திரிந்தாள். பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவில்லை.

ஆனால் தஞ்சாவூர் பஸ்ஸில் அவளைப் பார்த்த யாரோ வந்து சொல்லிவிட, பூதலூர் போனதாகச் சொன்னது பொய் என்று தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து காளியம்மாள் பெட்டிச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். செழியன் மனைவியின் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். கட்டியைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

கார்த்திகையில் நிச்சயதார்த்தம். அன்றைக்கென்று பார்த்துக் கட்டி பழுத்துவிட்டது. காய்ச்சல் வேறு. தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. பந்தியில் எல்லோரும் சாப்பிட, இசைவாணி இலை முன்னால் உட்காரவே இல்லை.

சம்பந்திகள் போனதும் காளியம்மாள் கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். "எம் பொண்ணு விசேஷத்துல ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்னுட்டாளே... அவ்வளவு வஞ்சமா?"

"அம்மா கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு" என்றான் செழியன்.

செய்யாத தப்புக்கு அவள் விழுந்தாள். விழுந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிவிடக் கை வைத்த காளியம்மாள், சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். தலைப்பை விலக்கிப் பார்த்தாள். கழுத்து சிவந்து வீங்கிப் பளபளவென்றிருந்தது.

"அடிப் பாவி... எத்தன நாளா இது?"

தஞ்சாவூரில் முதலில் மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கினார்கள். ஸ்கேனில் தைராய்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இருந்தது. வீக்கம் நன்றாக வற்றியதும், மார்கழியில் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

"இவ பொறந்த வீட்டுலகூட யாருக்கும் கழலை கெடையாதே" என்று காளியம்மாள் சந்தேகமாய்க் கேட்டாள்.

"இது கழலை இல்லம்மா. வயித்துக்குள்ள கருவா இருக்கும்போது தைராய்டு நாக்கோட அடியிலேருந்து கழுத்துக்கு எறங்கி வரும். வந்த வழி தானா மூடிக்கணும். இவங்களுக்கு மூடல, அதுல நீர் கோத்துக்கிச்சு. யார் குத்தமும் இல்ல. கட்டிய மட்டும் எடுத்தா திரும்ப வந்துடும். கழுத்துல இருக்கற சின்ன எலும்புல நடுத்துண்டையும், நாக்கு அடி வரைக்கும் அந்த வழியையும் சேத்து எடுக்கணும்."

"கோரைய கெழங்கோட எடுக்கற மாதிரி" என்றாள் காளியம்மாள். அவள் வயல்காரி, சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று காலை, வார்டுக்கு வெளியே மாமியார் போனில் பேசுவது இசைவாணிக்குக் கேட்டது. சம்பந்தியம்மாளிடம்தான். மருமகள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று ஏதாவது பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். கட்டி தெரிந்த நாளிலிருந்து காட்டிய அன்பெல்லாம் ஊர் வாய்க்குப் பயந்துதானோ என்றும் நினைத்தாள்.

"எம் மருமகளுக்குக் கழுத்துல கட்டிங்க. இன்னைக்கு ஆபரேஷன். எம் பொண்ண எடுக்கறதும் எடுக்காததும் ஒங்க இஷ்டம். ஆனா மருமகள மறைச்சு வச்சு எம் பொண்ணுக்கு ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாங்க."

இசைவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது. காளியம்மாள் உள்ளே வந்தாள்.

"ஏங்கத்தை சொன்னீங்க... செம்மொழிக்கு இந்த எடமும்..."

"போன் போட்டுக் குடுத்ததே செம்மொழிதான். நாளைக்கு அந்தம்மா ஒன்னப் பாக்க வர்றாங்களாம். என்ன சாப்பிடலாம்னு டாக்டரக் கேட்டு வைக்கச் சொன்னாங்க." கட்டிலில் உட்கார்ந்து மருமகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாடி..."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாத்தை?"

காளியம்மாள் மருமகளின் கழுத்தைப் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.